மழைக்கு முன் சுவரடியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆவணி முடியப்போகிறது. திருகோணமலையில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் பெயின்ற் கடைக்குப் போகத் தொடங்கும் காலம் இது. தீபாவளிக்கு முன் சுவர் வெடிப்புகளைப் புட்டி வைத்து அடைத்து, இரண்டு பூச்சு அடித்துவிட்டால் வீடு புதிதாகிவிடும். மாசி பிறக்க அதே வெடிப்பு அதே இடத்தில் எட்டிப் பார்க்கும். சுவரில் தெரிவது குறி மட்டும்தான்; வருத்தம் இருப்பது சுவரடியில். பெயின்றுக்கு ஒதுக்கிய காசில் பாதியை இந்த வருடம் வீட்டைச் சுற்றியுள்ள மூன்றடி நிலத்துக்குச் செலவழியுங்கள் என்று கேட்கவே இக்கடிதம். வெள்ளம் வந்த பிறகு பத்திரிகைகளில் படங்கள் வரும். செய்ய வேண்டிய வேலைக்கோ நிலம் காய்ந்திருக்கும் இந்த இரண்டு மாதங்கள்தான் உகந்தவை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 93 சதுர மீற்றர். வாடைக் காலத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது நமக்குப் புதிதல்ல. அப்படியொரு நாளில் அந்தக் கூரையிலிருந்து 9,300 லீற்றர், அதாவது ஒரு பெரிய பவுசர் நிறையத் தண்ணீர், கீழே இறங்குகிறது. பீலி இல்லாத வீட்டில் அவ்வளவும் கூரையின் இரண்டு விளிம்புக்கு நேர்கீழே, அத்திவாரத்திலிருந்து இரண்டடி தள்ளி விழுகிறது. நமது மாவட்டத்தின் வருட மழை 1,600 மில்லிமீற்றர் அளவு. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். சுவரடி மண் எட்டு மாதம் காய்ந்து கிடந்து நான்கு மாதம் ஊறிக் கிடக்கிறது. பெரும்பாலான வீடுகள் சீமெந்து குறைந்ததால் வெடிப்பதில்லை, இந்த ஏற்ற இறக்கத்தால்தான் வெடிக்கின்றன.

ஆகவே முதல் வேலை பீலி. ஏற்கெனவே இருந்தால் ஏணி வைத்து ஏறி வேப்பஞ் சருகையும் அணில் கூட்டையும் அள்ளிவிட்டு, ஒரு வாளி தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பாருங்கள். இடையில் தேங்கினால் கொக்கியை உயர்த்தித் தாழ்த்தி, பத்தடிக்கு அரை அங்குலமாவது சரிவு வரச் செய்யுங்கள். இறங்கு பைப்பைச் சுவர் மூலையிலேயே விட்டுவிடுவதுதான் நமது ஊரின் பொதுப் பிழை. அப்படி விட்டால் பீலி இல்லாததைவிடக் கேடு. முன்பு நீளமாகப் பரவி விழுந்த தண்ணீர் இப்போது வீட்டின் மூலைக்கல்லடியில் ஒரே குழியாக விழும். நிலாவெளி, உப்புவெளி மணலில் ஒரே மாரியில் அங்கே ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிடும். நான்கு அங்குல பீவீசீ பைப்பை நிலத்தில் புதைத்து, குறைந்தது பத்தடி தள்ளி, தாழ்ந்த பக்கமாகத் தண்ணீரை விடுங்கள்.

அடுத்தது சுவரைச் சுற்றிய சீமெந்துத் தளம். அகலம் மூன்றடி, கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் அதன் மேல்தான் விழ வேண்டும், அதற்கு அப்பால் விழக்கூடாது. வெளி விளிம்பு சுவர்ப் பக்கத்தைவிட ஒரு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். கனம் மூன்று அங்குலம், கலவை 1:3:6 (சீமெந்து ஒன்று, மணல் மூன்று, சல்லி ஆறு), முக்கால் அங்குலச் சல்லி. 30க்கு 33 அடி வீடென்றால் சுற்றளவு 126 அடி; நான்கு மூலைகளையும் சேர்த்தால் தளத்தின் பரப்பு 414 சதுர அடி, கொங்கிறீற் ஏறத்தாழ ஒரு கியூப், அதாவது 100 கன அடி. அதற்கு 50 கிலோ சீமெந்துப் பக்கற் 13, மணல் அரைக் கியூப், சல்லி ஒரு கியூப் போதும். (சல்லி என்றால் நமது ஊரில் காசும்தான், கல்லும்தான், ஒரு ஊரும்தான். இங்கே கல்.) ஐந்தடிக்கு ஒரு பொருத்து விடுங்கள். இல்லாவிட்டால் தளம் தானாகவே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும்.

இதில் மேசன்மார் பலர் விடும் பிழை, தளத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பூச்சையும் சேர்த்து இழுத்துவிடுவது. தளமும் சுவரும் ஒரேயளவு இறங்குவதில்லை. ஒட்டிப் போட்ட இடத்தில் மயிரிழை வெடிப்பு வரும். கூரைத் தண்ணீர் அதற்குள் நேராக இறங்கும். இரண்டுக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, அதைத் தாரும் மணலும் கலந்து அடைக்க வேண்டும். தளம் போடுமுன் கீழே உள்ள மண்ணை நனைத்து இடித்து இறுக்குவதையும், போட்டபின் ஏழு நாள் சாக்குப் போட்டு நனைப்பதையும் விட்டுவிட்டு வெறும் சீமெந்தைக் கூட்டிப் பயனில்லை.

தளத்துக்கு அப்பாலும் நிலம் வீட்டைவிட்டு விலகிச் சரிய வேண்டும். பத்தடிக்கு ஆறு அங்குலம் இறக்கம் இருந்தால் நல்லது. மழை பிடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலம் வளவைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரை நோக்கி ஓடுகிறது என்பதை எந்தப் பொறியியலாளரும் வெயிலில் வந்து அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

இனி மண். நமது மாவட்டத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. குச்சவெளியிலிருந்து திருக்கடலூர் வரை கரையோரம் மணல். தம்பலகாமம், கந்தளாய் வயலோரங்களில் களி. உவர்மலை போன்ற இடங்களில் பாறை.

மணல் நல்ல மண்தான். ஈரத்தில் ஊதாது, காய்ந்தால் சுருங்காது. பக்கவாட்டில் நகராமல் அடைபட்டு இருக்கும்வரை பாரத்தைத் தாங்கும். அடைப்பு விட்டுப்போனால் ஓடிவிடும். அத்திவாரத்துக்குப் பக்கத்தில் அதைவிட ஆழமாகக் கிடங்கு வெட்டுவது இதனால்தான் ஆபத்து. உங்கள் அத்திவாரம் இரண்டரை அடி ஆழம், அயலவர் வெட்டும் மலசலகூடக் குழி ஏழடி ஆழம் என்று வையுங்கள். வித்தியாசம் நாலரை அடி. மணலில் அந்த வித்தியாசத்தின் இரு மடங்கு, அதாவது ஒன்பது அடியாவது, குழி தள்ளியிருக்க வேண்டும். வேலியோரமாக வீட்டைக் கட்டிவிட்டு அயலவரோடு சண்டை பிடிப்பதைவிட, அவர் குழிக்கு அடையாளம் போடும் அன்று ஒரு நாடாவோடு போய் நிற்பது சுகம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் திரும்பி வடிந்தபோது கரையோர வீடுகள் பலவற்றில் சுவர் நின்றது, மூலையடி மணல் போய்விட்டது. ஓடும் தண்ணீர் வீட்டின் மூலையில்தான் வேகம் பிடித்துச் சுழலும். பீலித் தண்ணீர் செய்வதும் அதே வேலையைத்தான், மெதுவாக.

களி வேறு சாதி. மாரியில் ஊதும், ஆடி ஆவணிக் கச்சானில் சுருங்கி நிலமே பாளம் பாளமாகப் பிளக்கும். வீடு வருடத்துக்கொருமுறை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். களி நிலத்தில் ஆவணியில் வாய் திறந்து மார்கழியில் மூடிக்கொள்ளும் வெடிப்பை இப்போது கட்டிச் சீமெந்தால் அடைக்காதீர்கள். மழையில் சுவர் திரும்பி வரும்போது அந்த இடம் மூட வழியில்லாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். இழுபடக்கூடிய சீலன்றால் அடைப்பதே சரி; அதற்குமுன் மண்ணின் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைக்க வேண்டும். அங்கே சுற்றுத்தளத்தை மூன்றடிக்குப் பதில் நான்கடி போடலாம். சுவரோரத்தில் வாழை, பூமரம் நட்டு ஒரு பக்கம் மட்டும் தினமும் தண்ணீர் விடுவதும் இதே தீமையைத்தான் செய்யும்.

வயலை நிரவிய காணிகளில் இன்னொரு சிக்கல். கிரவல் கொட்டி டிரக்டரை இரண்டு தரம் ஓட்டிவிட்டு நிலம் இறுகிவிட்டது என்பார்கள். நான்கடி நிரவலை ஒரேயடியாகக் கொட்டினால் மேல் ஓரடிதான் இறுகும். ஆறு முதல் ஒன்பது அங்குலப் படையாகப் போட்டு, நனைத்து, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இடிக்க வேண்டும். அப்போதும் அத்திவாரம் நிரவலுக்குக் கீழே உள்ள பழைய நிலத்தைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். வயலின் மேல்மண்ணில் வைக்கோலும் வேரும் உக்கும்வரை இறக்கம் நிற்காது. உவர்மலைப் பக்கத்தில் சிக்கல் நேரெதிர். வீட்டின் ஒரு பாதி பாறையில், மறு பாதி நிரவிய மண்ணில். பாறை அசையாது, மண் இறங்கும். வெடிப்பு இரண்டும் சேரும் இடத்தில் கீழிருந்து மேலாக விழும். அங்கே பூச்சைக் கொத்திப் பயனில்லை, மண் பக்க அத்திவாரத்தைத்தான் ஆழப்படுத்த வேண்டும்.

வெடிப்பைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும், மீதிப் பாதி சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். சிலந்தி வலைபோலப் பூச்சில் மட்டும் பரவிய மயிரிழை வெடிப்பு கட்டடத்தைப் பற்றியது அல்ல. சீமெந்து கூடிய பூச்சு, நனைக்காத பூச்சு. தூணும் கல்லுச் சுவரும் சேரும் இடத்தில் நேர்செங்குத்தாக விழுவது இரு பொருள்கள் வெயிலில் வேறுவேறாக நீள்வதால் வருவது. பூச்சை ஆறு அங்குல அகலத்துக்குக் கொத்தி, கோழிக்கூட்டு வலையை ஆணியடித்துத் திரும்பப் பூசினால் அடங்கும். கொங்கிறீற் சிலாப்புக்கு நேர்கீழே கிடையாக ஓடும் வெடிப்பும் வெயிலின் வேலை. சிலாப்பின் மேல் வெள்ளை பூசினாலே குறையும்.

கவனிக்க வேண்டியது ஜன்னல், கதவு மூலையிலிருந்து கல்லின் பொருத்து வழியே படிக்கட்டுப்போல ஏறும் சரிவான வெடிப்பை. அது மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் வீட்டின் அந்த முனை இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. இதோடு கதவும் நிலையில் உரசத் தொடங்கினால் சந்தேகம் வேண்டாம். அகலத்தை அளக்கக் கருவி தேவையில்லை. வங்கி அட்டையின் கனம் முக்கால் மில்லிமீற்றர். அட்டை நுழையாத வெடிப்பு இப்போதைக்குப் பொறுக்கலாம். ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்பட்டதையும், சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரிவதையும் பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி பெயின்றடிப்புக் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும்.

அகலத்தைவிட முக்கியமானது அது ஓடுகிறதா, நிற்கிறதா என்பது. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நடுவில் இரு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, ஆணித் தலைகளுக்கு இடையிலான தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து கலண்டரில் குறியுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்த கணக்கே கணக்கு. மூன்று மாதம் பார்த்துவிட்டு நின்றுவிட்டது என்று சொல்லக்கூடாது. வீடு சரிந்திருக்கிறதா என்று பார்க்க முப்பதடி ஒளிபுகும் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, நான்கு மூலையிலும் மட்டம் பிடித்து அடையாளமிடலாம். எந்த மேசனிடமும் அந்தக் குழாய் இருக்கும்.

நின்றுபோன வெடிப்பை அடைக்கும் முறை: அரை அங்குல ஆழத்துக்கு வாயகன்ற பள்ளமாகக் கொத்தி, தூசியைத் தூரிகையால் தட்டி, நனைத்து, 1:3 சாந்தால் இறுக்கமாக அடையுங்கள். கல்லே பிளந்திருந்தால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை கிடைப் பொருத்தைச் சுரண்டி, வெடிப்பின் இரு புறமும் ஒன்றரை அடி செல்லும்படி ஆறு மில்லிமீற்றர் கம்பி பதித்துத் தைக்க வேண்டும். கடலோரத்தில் அந்தக் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரணக் கம்பி பத்து வருடத்தில் தானே ஒரு வெடிப்பை உண்டாக்கும்.

ஈரம் ஏறும் சுவர் தனிக் கதை. நிலத்திலிருந்து இரண்டு மூன்றடிக்குப் பெயின்ற் பொருமி, கீழே வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருக்கும். அத்திவாரத்துக்கு மேல் சுவர் தொடங்குமிடத்தில் மேசன்மார் டிபிசி என்று சொல்லும் ஈரத்தடை இருக்க வேண்டும்: முக்கால் அங்குலக் கனத்தில் 1:2 சாந்து, அது காய்ந்தபின் இரண்டு பூச்சு சூடான தார், தாரின் மேல் மணல் தூவல். பழைய வீடுகளில் அது இல்லாமலும் இருக்கலாம். பல வீடுகளில் இருந்தும் வேலை செய்வதில்லை, ஏனென்றால் வெளிநிலம் அதைவிட உயர்ந்துவிட்டது. வருடா வருடம் முற்றத்தில் மண் கொட்டுகிறோம், அதன்மேல் இன்ரலொக் கல் பதிக்கிறோம், பூச்சையும் தரைவரை இழுத்துவிடுகிறோம். ஈரம் தடையைச் சுற்றிக்கொண்டு பூச்சு வழியே ஏறிவிடுகிறது. வெளிநிலம் தடையைவிட ஆறு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்காவது மண்ணை வெட்டி எடுத்து வாய்க்காலாக்குங்கள்.

ஈரச் சுவரில் ரைல்ஸ் ஒட்டுவதும், சீமெந்து கூட்டிப் பூசுவதும் வேண்டாம். வெளியேற வழியில்லாத ஈரம் ரைல்ஸுக்கு மேலே போய் வெளியேறும். மூன்றடியில் நின்றது ஐந்தடிக்கு ஏறும். ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எறிந்து, சுவரைத் திறந்தபடியே காயவிட வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது அனுபவக் கணக்கு. அதன்பின் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையில் பூசுங்கள். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். நமது பழைய கல்வீடுகள் அதனால்தான் இன்னும் நிற்கின்றன. அவசரமாகப் பூசிக்கொடுத்துவிட்டுப் போக விரும்பும் மேசனுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்காது; காயவிடும் நாட்களுக்கு அவரை மறித்து வைக்க வேண்டாம், போய் வரச் சொல்லுங்கள்.

உப்பு என்றதும் கம்பித் துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடலுக்குக் கிட்ட இருக்கும் நமது வீடுகளைத் தின்பதில் முதலிடம் இதற்குத்தான். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த ஊதல் கொங்கிறீற்றைப் பிளக்கிறது. பீம், தூண், சன்சேட் (ஜன்னலுக்கு மேல் நீட்டிய சிலாப்பு) ஆகியவற்றில் கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக ஒரு வெடிப்பு, அதோடு மண்ணிறக் கறை என்றால் அது துருதான். கழுவாத கடல் மணல், உவர்க் கிணற்றுத் தண்ணீர், கம்பிக்கு மேல் போதாத கொங்கிறீற் மூடல் ஆகிய மூன்றும் காரணம். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைக் கலவைக்கு விடாதீர்கள். கடலோரத்தில் மூடல் இரண்டு அங்குலம் வேண்டும். பலகை அடித்த அன்றே கம்பிக்கு அடியில் சீமெந்துக் கட்டை இருக்கிறதா, அதற்குப் பதில் செங்கல் துண்டை வைத்துவிட்டார்களா என்று குனிந்து பாருங்கள். ஆற்று மணலென்றாலும் வண்டல் பார்க்க வேண்டும்: நேரான போத்தலில் மணலும் உப்பு கரைத்த தண்ணீரும் போட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். ஆறு அங்குல மணலுக்கு மேல் அரை அங்குலத்தைவிடக் கூடிய வண்டல் படிந்தால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

துருப்பிடித்த பீமைத் திருத்துவதற்கு வரிசை உண்டு. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். கொத்தத் தொடங்கிய பிறகு முட்டுத் தேடக்கூடாது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் வெறுமைச் சத்தம் கேட்கும் இடம்வரை எல்லை. அதைக் கொத்தி, கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் விரல் போகுமளவு திறக்க வேண்டும். துரு முடிந்த இடத்திலிருந்து இரண்டு அங்குலம் நல்ல கம்பி தெரியும்வரை நீள வேண்டும். கம்பித் தூரிகையால் வெள்ளிபோல் வரும்வரை தேயுங்கள். கம்பியின் கால்வாசி தின்னப்பட்டிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். 12 மில்லிமீற்றர்க் கம்பியென்றால் புதுக் கம்பி இரு பக்கமும் பழைய கம்பியின் நல்ல பகுதியோடு இரண்டடி சேர்ந்து ஓட வேண்டும். பிறகு துத்தநாகப் பூச்சு, பழைய கொங்கிறீற்றை நனைத்தல், பொலிமர் கலந்த திருத்தச் சாந்தைப் படை படையாக அழுத்துதல், ஏழு நாள் ஈரச் சாக்கு. கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டி மேலே பூசினால் இரண்டு மாரிக்குள் பூச்சு தட்டாகக் கழன்று விழும். உப்பு கொங்கிறீற் முழுவதும் ஊறியிருந்தால் ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த துரு தொடங்கும் என்பதையும் அறிந்துகொண்டே செலவு செய்யுங்கள். சன்சேட்டில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே போட்டுக் கட்டிய சன்சேட் சுவரோடு சேருமிடத்தில் மேல்பக்கம் வெடித்திருக்கும். அதைத் திருத்தாதீர்கள், உடைத்துக் கட்டுங்கள். அடியில் பிள்ளைகள் நிற்பார்கள்.

தண்ணீர்த் தொட்டி பற்றி ஒரு வார்த்தை. 1,000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன். அதை நாலரை அங்குலச் சுவர் மேலோ, சுவரோரச் சுற்றுத்தளத்தின் மேலோ வைப்பது அந்த மூலையை மட்டும் இறக்கும் வழி. தனி அத்திவாரத்தில் வையுங்கள்.

குழாய்க் கசிவு மழையில்லாக் காலத்திலும் சுவரடியை ஊறவைக்கும். இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரின் இலக்கத்தைக் குறியுங்கள். விடிய மாறியிருந்தால் நிலத்தடியில் கசிகிறது. மணலில் ஒன்பது அடி என்று மேலே சொன்னது தோண்டும்போது மண் சரியாதிருக்க; கசிவுக்காக மலசலகூடக் குழி அத்திவாரத்திலிருந்து பதினைந்தடியாவது தள்ளியிருக்கட்டும்.

மரங்களில் தென்னையால் தொல்லையில்லை. களி நிலத்தில் வேம்பு, புளி, ஆல், அரசு ஆகியவற்றை அவை வளரும் உயரமளவு தூரத்தில் வையுங்கள். ஏற்கெனவே பெரிதாக நிற்பதை ஒரேயடியாக வெட்டினால் அது குடித்த தண்ணீர் மண்ணில் தேங்கிக் களி ஊதும்; இரண்டு மூன்று வருடத்தில் கிளை கிளையாகக் குறையுங்கள். சுவரிடுக்கில் முளைத்த அரசங் கன்றைச் சிலர் பயத்தில் தொடுவதில்லை. வேரோடு எடுத்துக் கோயில் காணியில் நடலாம், பாவமும் இல்லை வெடிப்பும் இல்லை. மேலே முறித்துவிட்டு விடுவதுதான் கூடாது. வேர் உள்ளே தடிக்கும்.

கறையானுக்கு, சுவரோரம் விறகும் கிடுகும் அடுக்காதிருப்பதே பாதி மருந்து. மண் குழாய் ஏறியிருந்தால் நடுவில் ஒரு துண்டை உடைத்து விடுங்கள். இரண்டு நாளில் அது ஒட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

கடைசியாக, மழைக்குப் பிறகு அத்திவாரமே வெறுமையாகிவிட்டால் என்ன செய்வது? 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை ஊர் மறந்திருக்காது. அப்படியொரு வெள்ளம் வடிந்ததும் முனை கூராக்கிய பத்து மில்லிமீற்றர்க் கம்பியைச் சுவரடியில் சாய்வாகக் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் அத்திவாரத்தின் கீழ் மண் இல்லை. நமது பழைய அத்திவாரங்களில் கருங்கல்லை அடுக்கி மேலே சாந்தை ஊற்றியவை பல. சாந்து அடிவரை இறங்காததால் உள்ளே பொந்துகள் இருக்கும். தண்ணீர் அந்தப் பொந்து வழியே மணலைக் கொண்டுபோகும். அந்த வெறுமையை மண்ணால் அடைப்பது வீண், அடுத்த மழைக்கு அதுவும் போகும்.

கொங்கிறீற்றால் தாங்கு கட்டுவதுதான் வழி, ஆனால் நீளமாக வெட்டக்கூடாது. சுவரை மூன்று மூன்றரை அடித் துண்டுகளாகக் குறித்து இலக்கமிடுங்கள். முதலில் 1ஆம், 4ஆம் துண்டுகள் மட்டும்; அவை இறுகிய பின் 2, 5; அதன்பின் 3, 6. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒரே நேரத்தில் திறந்தால் சுவர் தலையில் இறங்கும். ஒவ்வொன்றிலும் உறுதியான மண் வரும்வரை தோண்டி, பழைய அத்திவாரத்துக்கு மூன்று அங்குலம் கீழ்வரை கொங்கிறீற் போட்டு, ஒரு நாள் விட்டு, மிச்ச மூன்று அங்குலத்தை ஈரப்பதமான 1:3 சாந்தால் கட்டையால் இடித்து நிரப்புங்கள். ஒரேயடியாக மேல்வரை ஊற்றினால் கொங்கிறீற் சுருங்கி மேலே இடைவெளி விடும். பட்ட பாடு அவ்வளவும் வீண். மணலில் கிடங்கின் பக்கங்களைப் பலகையால் தாங்க வேண்டும். இது பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை, கிணற்று நீர் இறங்கியிருக்கும் ஆடி ஆவணியில் மட்டும். மார்கழியில் கிடங்கு தோண்டினால் தண்ணீர்தான் வரும்.

இதுவரை சொன்னவை வீட்டுக்காரரின் கையில் உள்ளவை. ஒன்று மட்டும் அவர் கையில் இல்லை. உள்வீதிகளைத் திருத்தும்போது பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று அங்குலம் போடுகிறார்கள். நான்கு முறை திருத்திய வீதி, அதன் ஓரத்து வீட்டின் ஈரத்தடையைவிட உயர்ந்துவிடுகிறது. பிறகு வடிகால் வெட்டினாலும் வீட்டு முற்றத்துத் தண்ணீர் மேல்நோக்கி ஓடாது. வீதி வேலைக்கு மதிப்பீடு எழுதும்போது ஓரத்து வீடுகளின் நிலமட்டத்தையும் அளந்து எழுத வேண்டும், பழைய தளத்தைச் சுரண்டும் செலவையும் சேர்க்க வேண்டும் என்று உள்ளூராட்சி சபைகளைத் தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருட வேலைகள் தொடங்குமுன் அதை அவர்கள் வாசித்தால் நல்லது.

இப்படிக்கு,
கட்டட வேலை மேற்பார்வையாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.